நகை விளைத்த காதல்

வானொலியும் தொலைக்காட்சியும் வளர்த்த நாடக வகைகளுள் மக்களிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றது ‘சிச்சுவேஷன் காமெடி’ எனப்படும் நகைச்சுவைத் தொடராகும். சுருக்கமாகச் ‘சிட்காம்’ என்றும் வழங்குவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் ஒரு சிறு சிக்கலைத் தருகின்றது. ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்று பெயர்த்தால் பொருள் ஒருவாறு விளங்கும். ஆயினும் ‘நிலை நகைச்சுவை’ என்பதே அதன் உட்பொருளைச் செவ்வையாகக் காட்டும் என்று தோன்றுகின்றது. ஒரு வீடு, அல்லது ஓர் அலுவலகம், அல்லது ஓர் உணவு விடுதி; அங்கே ஒருவரோடொருவர் ஒத்துப்போக இயலாத நால்வர் அல்லது ஐவர்; விட்டு விலகவும் இயலாத ஒரு கட்டு. இதுவே அந்த நிலை. வாரந்தோறும் ஒரு கலகம் பிறக்கும். அரை மணி நேரத்திற்குள் அடங்கும். அடுத்த வாரம் எல்லாரும் பழைய இடத்திலேயே இருப்பர். நிலை மாறாதிருக்கும்வரை நகையும் வற்றாது சுரந்துகொண்டிருக்கும்.

ஆனால் காலம் எவரையும் நின்ற இடத்தில் நிற்கவிடுவதில்லை. வெற்றி பெற்ற தொடர் பத்தாண்டும் ஓடும். நடிப்போர்க்கு நரை விழும். பார்ப்போர்க்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்குச் செல்வர். எழுதுவோர் புதுமை தேடி அலைவர். இருக்கின்ற ஐவரை வைத்துக்கொண்டு புதிதாக எதைச் செய்வது? இருவர்க்குள் காதல் மூட்டலாம், மணம் முடிக்கலாம், பிரிக்கலாம், மீண்டும் கூட்டலாம். இவ்வாறு நகைச்சுவை குடியிருந்த வீட்டில் உறவின் இன்பதுன்பங்கள் குடியேறுகின்றன. சில ஆண்டுகளில் வீட்டுக்கு உரிய சிரிப்பு விருந்தாளியைப்போல் வாயிற்படியில் நிற்கக் காண்கின்றோம். நெடிது ஓடிய தொடர்கள் பலவற்றின் வரலாறு இதுவேயாம்.

இம்மாற்றம் ஏன் நேர்கின்றது? காதல் வந்தால் நகை போய்த்தான் ஆக வேண்டுமா? இவ்வினாக்களை ஒரு தொடரின் வாயிலாக ஆராய்வோம். 1993 முதல் 2004 வரை அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ‘பிரேசியர்’ என்பதே அத்தொடர். அதன் தலைவன் வானொலியில் பேசுபவன். ஆதலால் வானொலி நேயர்க்கு அவன்மீது ஒரு தனி உரிமை உண்டு.

முதற்கண் இவ்வகை நாடகத்தின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். தொலைக்காட்சி பரவுவதற்கு முன்பே அமெரிக்க வானொலி இதனைப் பேணி வளர்த்திருந்தது. லூசில் பால் என்னும் நடிகை 1948 முதல் 1951 வரை ‘மை பேவரிட் ஹஸ்பண்ட்’ என்னும் வானொலித் தொடரில் ஒரு குறும்புக்கார இல்லத்தலைவியாகத் தோன்றினார். அவ்வெற்றியை அடியாகக் கொண்டே 1951 அக்டோபர் 15 அன்று ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சியில் தொடங்கியது. அதில் வரும் லூசி, இசைக்குழுத் தலைவனாகிய தன் கணவனைப்போலத் தானும் மேடை ஏறிப் புகழ் பெற வேண்டும் என்று ஆசைப்படுவாள், அதற்காகச் சூழ்ச்சி செய்வாள், அகப்பட்டுக்கொள்வாள், மீண்டும் அடுக்களைக்கே திரும்புவாள். 1957 மே வரை இது நடந்தது. இடையில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். குடும்பம் நகரை விட்டு வேற்றூருக்கும் குடிபெயர்ந்தது. அவளுடைய ஆசையும் தோல்வியும் மட்டும் மாறவில்லை. அவ்வீட்டில் கணவன் மனைவியரின் அன்பு தரையைப்போல் அடியில் கிடந்தது. அதன்மேல் உறுதியாக நின்றுகொண்டு அவர்கள் சண்டையிட்டனர்.

அத்தரையையே கதையாக்கிக் காட்டிய தொடர்களுள் பெரும்புகழ் பெற்றது ‘சியர்ஸ்’. 1982 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய இத்தொடரின் களம் பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்று. கடைக்கு உரியவன் சாம் என்னும் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரன். அங்கே பணிபுரிய வந்தவள் டயான் என்னும் கல்விச் செருக்குடைய நங்கை. இவ்விருவரும் கூடுவரா, பிரிவரா என்னும் ஐயம் ஐந்தாண்டுக் காலம் பார்ப்போரைப் பிணித்து வைத்தது. வாரத்திற்கு வாரம் தொடரும் காதற்கதை நகைச்சுவை நாடகத்தின் முதுகெலும்பாகவும் அமையலாம் என்பதைச் சாமும் டயானும் காட்டினர். பின்வந்தோர் பலர் அவர்களையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

1984 இல் இவ்விருவர்க்கும் இடையே மூன்றாமவனாக ஒருவன் நுழைக்கப்பட்டான். அவனே மனநல மருத்துவனாகிய டாக்டர் பிரேசியர் கிரேன். டயானைக் காதலித்து, மணநாளில் அவளால் கைவிடப்படுவதே அவனுக்கு வாய்த்த விதி. காதற் சிக்கலுக்குக் கருவியாக வந்த இப்பாத்திரம் கெல்சி கிராமர் என்னும் நடிகரின் திறத்தால் நிலைத்துவிட்டது. 1987 இல் டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகினார். தொடரின் உயிரே போய்விடும் என்று அஞ்சுதற்கு இடமிருந்தது. ஆனால் ‘சியர்ஸ்’ 1993 மே 20 வரை, மேலும் ஆறாண்டுகள், செழித்து வாழ்ந்தது. ஒரு காதலின் கதை மங்கவே, மதுக்கடைக் கூட்டம் முழுவதுமே நகைச்சுவையின் ஊற்றாயிற்று. காதல் மெலிந்தபோது நகை வலுத்தது என்பது இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அத்தொடர் முடிந்த அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று பிரேசியர் தனக்கென ஒரு தொடருக்குத் தலைவனானான். டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேசி, டேவிட் லீ ஆகிய மூவர் இதனை ஆக்கினர். மணவிலக்குப் பெற்ற பிரேசியர் பாஸ்டனை விட்டுப் பிறந்த ஊராகிய சியாட்டிலுக்குத் திரும்புகின்றான். அங்கே ஒரு வானொலி நிலையத்தில், தொலைபேசியில் அழைப்போரின் மனக்குறைகளைக் கேட்டு அறிவுரை வழங்குவது அவன் தொழில். ஊரார் துயரையெல்லாம் தீர்க்க முனையும் அவனால் தன் வீட்டுச் சச்சரவைத் தீர்க்க முடிவதில்லை. அவனுடைய தந்தை மார்ட்டின் ஓய்வுபெற்ற காவலர். பணியின்போது இடுப்பில் குண்டு பாய்ந்தமையால் தனித்து வாழ இயலாது மகனுடைய வீட்டிற்கு வந்து சேர்கின்றார். உயர்ந்த வேலைப்பாடுடைய இருக்கைகளுக்கு நடுவே, ஒட்டுநாடா சுற்றிய தம் பழைய சாய்வு நாற்காலியைக் கொணர்ந்து வைக்கின்றார். பதினோர் ஆண்டுகள் அந்நாற்காலி அவ்வீட்டில் வீற்றிருந்தது. மகனுடைய நுண்கலைப் பெருமையை அது பேசாமலே எள்ளி நகையாடியது.

பிரேசியரின் தம்பி நைல்ஸும் மனநல மருத்துவனே. அண்ணனைக் காட்டிலும் நுண்மையும் செருக்கும் அச்சமும் மிக்கவன். இருக்கையில் அமருமுன் கைக்குட்டையால் துடைப்பான். அவனுடைய மனைவி மாரிஸ் பெருஞ்செல்வி. அவளைப் பற்றிய பேச்சு ஓயாது நடக்கும். ஆனால் அவள் முகத்தை ஒருநாளும் நாம் காண்பதில்லை. முதியவரைப் பேணுதற்காக அமர்த்தப்பட்டவள் டாப்னி. இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டரில் பிறந்து, வேலை தேடி அயல்நாடு வந்தவள். தன் ஊர்ப் பேச்சு மாறாமலும், தன் வீட்டுக் கதைகள் ஓயாமலும் பேசுவாள். பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு அவளைப் புரிந்துகொள்ளுதல் எளிது. டாப்னியாக நடித்த ஜேன் லீவ்ஸ் இங்கிலாந்துப் பெண்மணி. அமெரிக்கத் தந்தையாக நடித்த ஜான் மஹோனியும் அந்நாட்டு பிளாக்பூலில் பிறந்தவரே என்பது சுவையான செய்தி. வானொலி நிலையத்தில் பிரேசியருக்குத் துணைநின்ற ராஸ் என்னும் பெண்ணாகப் பெரி கில்பினும், நைல்ஸாக டேவிட் ஹைட் பியர்ஸும் நடித்தனர்.

தொடங்கிய ஆண்டிலேயே, மூன்றாம் நிகழ்ச்சியில், நைல்ஸ் டாப்னியை முதன்முறை காண்கின்றான். கண்டவுடன் மனத்தை இழக்கின்றான். ஆனால் அவன் மணமானவன். மணமுறிவு நேர்ந்த பின்னும் அச்சமுடையவன். பண்பாட்டுக் கவசம் பூண்டவன் ஆதலின் வாய் திறந்து சொல்ல மாட்டான். டாப்னியோ தனக்கு எதிர்கால உணர்வு சிறிது உண்டு என்று பெருமை பேசுபவள். எனினும் எதிரே நிற்பவனுடைய உள்ளத்தை மட்டும் அறியாள். அவள் கூந்தலின் மணத்தை அவன் மறைவாக முகர்வதும், அவள் திரும்பியவுடன் ஏதோ ஒரு பொய்க்காரணம் கூறி விலகுவதும் பார்ப்போரைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தன. இந்நிலை ஏறத்தாழ ஏழாண்டு நீடித்தது. நகைச்சுவைத் தொடருக்கு இதனினும் சிறந்த நிலை வேறு என்ன வேண்டும்?

1996 இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மனைவியைப் பிரிந்திருக்கும் நைல்ஸ் ஒரு நடன விருந்திற்குச் செல்ல விரும்புகின்றான். டாப்னி அவனுக்கு ஆடக் கற்பிக்கின்றாள். உடன்வருவதாக இருந்த பெண்மணி வாராது போகவே, டாப்னியே துணையாகச் செல்கின்றாள். மனைவியால் கைவிடப்பட்டவன் என்று ஊரார் அவன்பால் இரக்கம் காட்டுவதைத் தடுக்க, இருவரும் காதலரைப்போல் டாங்கோ ஆடுகின்றனர். ஆட்டத்தின் உச்சத்தில் நைல்ஸ் தன் உள்ளத்தைச் சொல்லியே விடுகின்றான். அவளும் தன் அன்பைச் சொல்கின்றாள். அவன் வானத்தில் பறக்கின்றான். ஆட்டம் முடிந்ததும் அவள் அவனுடைய நடிப்பைப் பாராட்டுகின்றாள்! உண்மை நடிப்பாகக் கொள்ளப்பட்டது; நடிப்பு உண்மையாகக் கொள்ளப்பட்டது. நாம் சிரிக்கின்றோம், சிரிக்கும்போதே நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. நகையும் அவலமும் ஒரே சொல்லில் தங்கியிருப்பதை இங்குக் காண்கின்றோம்.

1998 இல் வந்த பனிச்சறுக்கு விடுதி நிகழ்ச்சியும் இத்தகையதே. ஜோ கீனன் எழுதிய அதில், ஓரிரவு ஒரு விடுதியில் தங்கும் ஒவ்வொருவரும் தம்மை விரும்பாத ஒருவரை விரும்புகின்றனர். நைல்ஸ் டாப்னியை நாடுகின்றான். அவள் பனிச்சறுக்குப் பயிற்றுநனை நாடுகின்றாள். அப்பயிற்றுநன் நைல்ஸை நாடுகின்றான். டாப்னியின் தோழியும் நைல்ஸையே நாடுகின்றாள். பிரேசியர் அத்தோழியை நாடுகின்றான். காது அடைத்துப்போன மார்ட்டின் செய்திகளைத் தவறாகக் கொண்டு சேர்க்கின்றார். கதவுகள் திறக்கின்றன, மூடுகின்றன. எல்லாம் வெளிப்பட்டபின், தன்னை மட்டும் எவரும் நாடவில்லை என்பதே பிரேசியரின் பெருங்குறை. நிகழ்ச்சி முழுவதும் காதலைப் பற்றியதே. எனினும் தொடக்கம் முதல் இறுதி வரை நகையே ஆட்சி செய்கின்றது.

1994 முதல் 1998 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் சிறந்த நகைச்சுவைத் தொடருக்குரிய எம்மி விருதினை ‘பிரேசியர்’ பெற்றது. அதற்கு முன் எந்த நகைச்சுவைத் தொடரும் இவ்வாறு பெற்றதில்லை. மொத்தம் 37 எம்மி விருதுகள் அதற்குக் கிடைத்தன. இவ்வெற்றிக்காலம் முழுவதும் சொல்லாத காதல் அவ்வீட்டில் உலவிக்கொண்டே இருந்தது. ஆகவே, காதல் வந்தமையால் நகை கெட்டது என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிட முடியாது.

நம் நாட்டு நாடக நூலாகிய பரதரின் நாட்டிய சாத்திரம் இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கின்றது. சிருங்காரத்தைப் போலச் செய்வதிலிருந்தே ஹாஸ்யம் பிறக்கின்றது என்பது பரதர் கொள்கை. காதலனுக்குரிய ஏக்கமும் பெருமூச்சும் இடம்பொருந்தாத ஒருவனிடம், காலம்பொருந்தாத நேரத்தில் தோன்றினால் அது நகையாகின்றது. நைல்ஸ் காதலனுக்குரிய இலக்கணம் அனைத்தும் உடையவன். சொல்லும் துணிவு ஒன்றே அவனிடம் இல்லை. அக்குறையே அவனைச் சிரிப்புக்கு உரியவனாக்கிற்று.

இனித் திருப்புமுனைக்கு வருவோம். ஏழாம் பருவத்தில், முதுகுவலிக்கு உண்ட மருந்தின் மயக்கத்தில், பிரேசியர் தம்பியின் மறையைத் தன்னையறியாமல் டாப்னியிடம் உடைத்துவிடுகின்றான். அதுமுதல் அவள் நைல்ஸை வேறு கண்ணால் நோக்கத் தொடங்குகின்றாள். அவளோ டானி என்னும் வழக்கறிஞனுக்கு மணம் பேசப்பட்டவள். நைல்ஸோ அதற்குள் மெல் என்னும் மருத்துவப் பெண்ணை மணந்துகொள்கின்றான். 2000 மே 18 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில், மணப்பெண் கோலத்திலேயே டாப்னி வந்து நைல்ஸுடன் புறப்பட்டுவிடுகின்றாள். ஏழாண்டுக் காத்திருப்பின் பயனை மக்கள் கண்ணாரக் கண்டனர். தொடரின் வரலாற்றில் இதனினும் மனத்தை உருக்கிய காட்சி அரிது. ஆயினும் அவ்விருவரும் ஏறிச்சென்ற வண்டியிலேயே தொடரின் பழைய நகையும் ஏறிச் சென்றுவிட்டது என்று கூறுவோர் பலர்.

அதன்பின் நடந்தவற்றைப் பார்ப்போம். எட்டாம் பருவத்தில், ஊராரிடம் மானத்தைக் காத்துக்கொள்வதற்காக, நைல்ஸ் இன்னும் தன் கணவனாகவே சில காலம் நடிக்க வேண்டும் என்று மெல் நிபந்தனை விதிக்கின்றாள். இதில் நகைக்கு இடமிருந்தது. ஆனால் அதனினும் மிகுதியாகக் குற்றவுணர்வும் தன்னிரக்கமும் பேசப்பட்டன. ஜேன் லீவ்ஸ் கருவுற்றிருந்தமையால் டாப்னி உடல் பருத்துவிட்டதாகக் கதை அமைத்து, அவளைச் சில வாரங்கள் ஒரு நலவிடுதிக்கு அனுப்பினர். அதற்குக் கற்பித்த காரணம் சிந்தனைக்குரியது. ஏழாண்டுகள் ஒரு தேவதையாகத் தன்னை வழிபட்டவனுக்கு எதிரே, குறைபாடுடைய ஒரு பெண்ணாக எப்படி வாழ்வது என்னும் கலக்கத்தால் அவள் மிகுதியாக உண்டாளாம். மனநூல் நோக்கில் இஃது ஆழமான கருத்தே. ஆனால் இக்கருத்தைக் கேட்ட அவையினர் தலையசைத்தனரேயன்றி, முன்போல் வயிறு குலுங்கிச் சிரித்திரார். 2002 இல் இருவர்க்கும் மணம் நிகழ்ந்தது. அதே ஆண்டில் நைல்ஸுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்ததாக ஒரு நிகழ்ச்சி வந்தது. மருத்துவமனையின் அறைகளில் குடும்பத்தார் தத்தம் நினைவுகளுடன் காத்திருக்கும் அந்நிகழ்ச்சி நன்கு எழுதப்பட்டதே. எனினும் அது வேறொரு நாடக வகையைச் சேர்ந்தது.

மாற்றத்திற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, தொடரின் நீளம். 11 பருவங்களில் 264 நிகழ்ச்சிகள். ஆண்டுக்குச் சராசரி 24. இத்தனை முறை ஒரு கதவைத் திறந்து மூடினால் அதன் கீல் தேயத்தானே செய்யும்? இரண்டாவது, அக்காலத்தின் போக்கு. 1994 இல் அதே நிறுவனத்தில் தொடங்கிய ‘பிரெண்ட்ஸ்’ தொடர், ராஸ், ரேச்சல் என்னும் இருவரின் காதலைப் பத்தாண்டுகள் நீட்டிப் பெருவெற்றி கண்டது. காதற்கதையே மக்களைக் கட்டி நிறுத்தும் கயிறு என்னும் எண்ணம் தொழிலில் வேரூன்றியது. மூன்றாவது, எழுதுவோர் மாறினர். வெற்றியாண்டுகளில் தொடரை நடத்திய கிறிஸ்டபர் லாயிடும், மேலே கூறிய ஜோ கீனனும் ஏழாம் பருவத்தோடு விலகினர். ஆக்கியோர் மூவருள் ஒருவராகிய டேவிட் ஏஞ்சல் தம் மனைவியுடன் 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் நகர வணிகக் கோபுரத்தில் மோதிய விமானத்தில் உயிர் துறந்தார். அத்துயரின் நிழல் அக்குழுவின்மீது விழாதிருந்திராது.

இம்மூன்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நாம் கருதுகின்றோம். அது மரியாதை. நைல்ஸும் டாப்னியும் ஒன்றுசேர வேண்டும் என்று மக்கள் ஏழாண்டுகள் விரும்பினர். சேர்ந்தபின் அவ்விருவரும் புனிதமான பொருளாகிவிட்டனர். பளிங்குப் பாத்திரத்தைக் கையாள்வதுபோல் எழுத்தாளர் அவர்களைக் கையாண்டனர். பழைய நைல்ஸ், டாப்னிக்கு எதிரே கால் தடுக்கி விழுவான். பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். 1999 இல் வந்த ஒரு காட்சியில், காதலர் நாள் விருந்திற்குக் கால்சட்டையை இஸ்திரி போடத் தொடங்கிச் சோபாவுக்கே தீ வைத்துவிடுவான். ஏறத்தாழச் சொல்லே இல்லாமல் அமைந்த அக்காட்சி, பேசாப்படக் காலத்து மேதைகளை நினைவூட்டும். புதிய நைல்ஸோ நல்ல கணவன், பொறுமையுடையவன், தன் உணர்ச்சிகளைத் தெளிவாக எடுத்துரைப்பவன். அவனுக்கு என்ன நேருமோ என்று நாம் கவலைப்பட்டோம். அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

காதல் நிறைவேறாமலே இருந்திருக்க வேண்டும் என்று சிலர் கூறுவர். 1985 முதல் 1989 வரை ஓடிய ‘மூன்லைட்டிங்’ தொடரை அவர்கள் சான்று காட்டுவர். தலைவனும் தலைவியும் கூடியபின் அத்தொடர் சாய்ந்தது என்பது அத்தொழிலாரிடையே வழங்கும் கூற்று. இதனை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. எழுபது வயதுவரை ஒருவன் ஒரே கூந்தலின் மணத்தை மறைவாக முகர்ந்துகொண்டிருந்தால் அதுவும் சலித்துவிடும், இரக்கத்திற்கும் உரியதாகிவிடும். மேலும், ‘பிரேசியர்’ தொடரின் இறுதிப் பருவமே இக்கூற்றுக்கு மறுப்பாக நிற்கின்றது.

2003 இல், பதினோராம் பருவத்திற்கு, லாயிடும் கீனனும் திரும்பி வந்தனர். நைல்ஸும் டாப்னியும் அப்போதும் கணவன் மனைவியரே. டாப்னி தாய்மையும் அடைந்திருந்தாள். உறவில் எதுவும் பின்னோக்கிச் செல்லவில்லை. எனினும் நகை திரும்பி வந்தது. அப்பருவத்தின் ஒரு நிகழ்ச்சியில், புகழ்மிக்க இசைநாடக இயக்குநர் ஒருவர் பிரேசியரைத் தம் காதற்றுணைவன் என்றே எண்ணிவிடுகின்றார். அவருடைய நட்பால் கிட்டும் விருந்துகளையும் உயர்ந்தோர் கூட்டத்தையும் இழக்க மனமில்லாத பிரேசியர், உண்மையை உணர்ந்தும் உணராதவன்போல் இருக்கின்றான். செருக்கு, ஆசை, தன்னேமாற்று ஆகிய பழைய ஊற்றுக்கள் மீண்டும் பெருக்கெடுத்தன. பாத்திரங்கள் மீண்டும் பேதைகளாக இருக்க இசைவு பெற்றனர். நாமும் சிரிக்க இசைவு பெற்றோம்.

2004 மே 13 அன்று தொடர் நிறைவெய்தியது. ‘பிரெண்ட்ஸ்’ முடிந்தது அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. இறுதி நிகழ்ச்சியில் மார்ட்டின் மறுமணம் செய்துகொள்கின்றார். நைல்ஸ், டாப்னி இணையர்க்கு ஆண்மகவு பிறக்கின்றது. மறைந்த டேவிட் ஏஞ்சலின் நினைவாக அம்மகவுக்கு டேவிட் என்று பெயரிடுகின்றனர். பிரேசியர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, டென்னிசன் பாட்டொன்றைச் சொல்லி நேயரிடம் விடைபெறுகின்றான். 2023 இல் அவன் பாஸ்டனுக்குத் திரும்புவதாக ஒரு புதிய தொடர் வந்தது. இரண்டு பருவங்களில் 20 நிகழ்ச்சிகளோடு அது நின்றது. நைல்ஸும் டாப்னியும் அதில் இடம்பெறவில்லை. ஜான் மஹோனி 2018 இலேயே மறைந்துவிட்டார். நிலையை மீண்டும் அமைப்பது எளிது. அதில் நின்றவர்களை மீண்டும் பெறுவது அரிது.

நகை குன்றிய ஆண்டுகளிலும் மக்கள் பலர் ஏன் அத்தொடரை விட்டு அகலவில்லை? சிரிப்பதற்காக வந்தவர் பின்னர் அம்மனிதர்களுக்காகவே தங்கிவிட்டனர். வேலை முடிந்து வாடகை அறைக்குத் திரும்பி, சுற்றத்தாரின் குரல் கேளாத மாலைப்பொழுதைக் கழிப்போர்க்கு இஃது எளிதில் விளங்கும். வாரந்தோறும் ஒரே நேரத்தில் ஒரே குரல்கள் கேட்டால், அவர்கள் உறவினராகிவிடுகின்றனர். உறவினர் நம்மைச் சிரிக்க வைக்கின்றனரா என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்கள் நலமாக இருந்தால் போதும் என்று எண்ணுகின்றோம். எழுதுவோரும் அவ்வாறே எண்ணத் தொடங்குமிடத்தில் நகைச்சுவை உறவுக்கதையாக மாறிவிடுகின்றது.

ஆனால் உறவென்பது நலம் விசாரிப்பதோடு முடிவதில்லை என்பதையும் தொலைவில் வாழ்வோர் நன்கறிவர். ஊரிலிருந்து வரும் உடன்பிறந்தாரிடம் நாம் முதலில் தேடுவது என்ன? அத்தை இன்னும் அதே குடையை மறந்துவிட்டு வருகின்றாரா? சிற்றப்பா இன்னும் தொலைபேசியில் கத்தித்தான் பேசுகின்றாரா? இவற்றைக் கேட்டுச் சிரிக்கும்போதுதான் தொலைவு குறைகின்றது. நம் குறைகளை அறிந்து, அவற்றைச் சொல்லிச் சிரித்து, அதன்பின்னும் நம்மைக் கைவிடாதவரே உறவினர். வெறும் மரியாதை மட்டும் மிஞ்சிய வீட்டில் உறவு விருந்தினர் முறைமையாகச் சுருங்கிவிடும்.

மார்ட்டினுடைய பழைய நாற்காலி தொடருக்குக் கற்பித்த பாடமும் இதுவே. மகன் அதனை வெறுத்தான். தந்தை அதனை விடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் எள்ளினர். ஒருவரையொருவர் விட்டும் போகவில்லை. பதினோர் ஆண்டுகளும் அவ்விருவர் உறவில் நகை குறைந்ததில்லை, அன்பும் குறைந்ததில்லை. காதலரிடத்து எழுத்தாளர் காட்டத் தயங்கிய துணிவைத் தந்தை மகனிடத்துக் காட்டினர். நெடிது ஓடும் நகைச்சுவை நாடகத்தை எழுதப் புகுவோர், காதலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தாம் நேசிக்கும் பாத்திரத்தைப் பேதையாக்கத் தயங்கும் தம் கையைக் கண்டே அஞ்ச வேண்டும்.